எட்டுச் சிவப்பு வாளிகள்

பூரணி செத்த பதினெட்டாம் நாள், எல்லோரும் காலையில் வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்களத்துக்கு வரவேண்டுமென்று தேயிலைத் தோட்டத்தில் உத்தரவு போட்டார்கள். தீ பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படியென்று சொல்லிக்கொடுக்க நுவரெலியாவிலிருந்து ஓர் அதிகாரி வருகிறாராம்.

"இப்பதான் சொல்லிக் குடுக்கப் போறாங்களா?" என்றாள் காளியாயி. பூரணி அவளுடைய கூடப்பிறந்த தங்கச்சி.

பிள்ளை பெற்ற பதினோராம் நாள் பூரணி லயத்து வரிசை வீட்டில் தன் ஒற்றையறைக் காம்பராவில் படுத்திருந்தாள். மழைக்காலம். பக்கத்துக் காம்பராவில் அடுப்புக்கு மேலே காயப்போட்டிருந்த ஈர விறகு பற்றிக்கொண்டது. முன்திண்ணை இஸ்தோப்பில் அடுக்கியிருந்த விறகுக்கும் தீ தாவி, இருந்த ஒரே வாசலையும் அடைத்துவிட்டது. ஜன்னல் கம்பிக்கு நடுவே பிள்ளையை வெளியே நீட்டினாள் பூரணி. அதே லயத்து வீரம்மா வாங்கிக்கொண்டாள். தாய் நுழைய அந்தக் கம்பியில் இடமில்லை.

மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த காளியாயி புகையைப் பார்த்து ஓடிவந்தாள். தண்ணீர்ப் பீலி பள்ளத்தில் இருந்தது. கூப்பிடு தூரத்தில் ஃபெக்டரி. அதன் சுவரில் எட்டுச் சிவப்பு வாளிகள், எட்டிலும் தண்ணீர். ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் காலில் விழுந்து கேட்டாள்.

"இது ஃபெக்டரி சாமான். தொரை உத்தரவில்லாம கழட்ட முடியாது" என்று சொல்லி அவன் இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டான்.

பள்ளத்துக்கு ஓடி ஒரு குடம் தண்ணீரோடு அவள் மேடேறி வந்தபோது கூரைத் தகரம் உள்ளே விழுந்திருந்தது.

பெரட்டுக்களத்து மேசைமேல் அதே எட்டு வாளிகளும் இருந்தன, புதுச் சாயம் பூசி. தோட்டத்தை நடத்தும் துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி சிங்களத்தில் பேசினார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அதைத் தமிழில் சொன்னார். அடுப்பை அணைக்காமல் வெளியே போகக்கூடாது. விறகை வாசலில் அடுக்கக்கூடாது. தீ என்றால் உடனே கைக்கெட்டும் இடத்தில் இப்படி வாளிகள் இருக்கவேண்டும்.

காளியாயி எழுந்து நின்றாள்.

"கண்டாக்கையா, கேட்டுச் சொல்லுங்க. எந் தங்கச்சி வேகுறப்ப இந்த வாளியக் குடுக்காம கதவச் சாத்துனது யாருன்னு கேட்டுச் சொல்லுங்க!"

கண்டாக்கு துரையைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் சிங்களத்தில், "நல்லா விளங்கிச்சாம். நன்றி சொல்றா" என்றார்.

சிங்களவர் மரக்கறித் தோட்டத்துக்குக் கைக்காசு வேலைக்குப் போய்ப்போய்க் காளியாயிக்குச் சிங்களம் நன்றாகவே வரும் என்பது அவருக்குத் தெரியாது.

"மாத்தயா, இவர் பொய் சொல்றார்." சிங்களத்திலேயே கத்தினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஃபெக்டரிப் படியில் நின்ற டீமேக்கரை விரல் நீட்டிக் காட்டினாள்.

அதிகாரி துரையைப் பார்த்தார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் பேச்சுக்கு மட்டும்தான் வந்தேன், அம்மா" என்றார் அதிகாரி, மெதுவாக.

"அப்பப் பேசிட்டுப் போங்க."

மேசைக்குப் போய் இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தாள். கண்டாக்கு குறுக்கே வந்தார். வாளியோடு அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். அவள் பின்னாலேயே வீரம்மா இரண்டு, கூடக் கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமி இரண்டு, மீனம்மா இரண்டு. மேசை வெறுமையாயிற்று.

மறுநாள் நால்வருக்கும் வேலைக்குப் பேர் போடவில்லை. அதைக் கேட்டு ஒருத்தியும் மலைக்கு ஏறவில்லை. மூன்று நாள் கொழுந்தில்லாமல் ஃபெக்டரி ஓயவும், வாளிகள் லயத்திலேயே இருக்கட்டும், லயத்துக்கு ஒரு குழாயும் போடலாம் என்று துரை சொல்லியனுப்பினார். டீமேக்கரை உடப்புசல்லாவைப் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அதே சம்பளம், இதைவிடப் பெரிய வீடு.

குழாய் வந்த வாரமே கண்டாக்கு ஒரு கடுதாசியும் மைப்பெட்டியும் கொண்டுவந்தார்.

"என்னங்க எழுதியிருக்கு?"

"தொழிலாளிங்க கவனக்குறைவால தீப்பிடிச்சு, தப்பிக்கத் தெரியாம பூரணி எறந்துட்டான்னு. கூடப்பொறந்தவ நீ ரேகை வச்சாத்தான் விசாரணை முடியும். குழாய்தான் வந்துடுச்சே, இன்னும் என்ன?"

பூரணியின் பிள்ளை காளியாயியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை.

"கதவச் சாத்துனவன் பேரு இதுல இல்லியே."

"அதெல்லாம் எழுத மாட்டாங்க."

"அப்ப முடிய வேணாம்" என்று மைப்பெட்டியை அவர் பக்கமே தள்ளிவிட்டாள். அந்தக் கடுதாசியில் அவள் ரேகை கடைசிவரை விழவேயில்லை.