பெட்டி காட்டிய பெயர்

குளிர்கால மத்தியானம் இரண்டு மணிக்கே, நார்வேயின் வடகோடியில் இருக்கும் கௌதகெய்னோ கிராமம் இருட்டிவிட்டது. வீட்டில் ரிஸ்தனைத் தவிர ஒருவரும் இல்லை. மேசைமேல் அவள் செய்து வைத்திருந்த பெட்டி ஒரு பெயரைக் காட்டியது: அம்மா.

ஏரியில் உறைந்திருந்த பனி உடைந்து, பனிவண்டியோடு அம்மா உள்ளே போய் மூன்று வருஷம் ஆகிறது.

பெட்டியின் வேலை எளிது. ஒரு குரலைக் கேட்டால் அது யார் என்று சொல்ல வேண்டும். தெற்கே த்ரோண்ட்ஹெய்ம் நகரத்தில், கலைமான் மேய்க்கும் சாமி இனத்துப் பெண் பிள்ளைகளுக்கான தொழில்நுட்ப முகாமில் சேர, பெட்டியைப் பற்றி எழுதி இன்றைக்குள் அனுப்ப வேண்டும். சம்மதக் காகிதத்தில் அப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. "அங்க படிக்கப் போனவ எவ திரும்பி வந்தா?" என்று கேட்டுவிட்டு, காலையில் கலைமான் மந்தையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

பெயர் அணைந்தது. மறுபடி எரிந்தது. ரிஸ்தன் முகாம் நடத்தும் இங்வில்டுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, செத்துப்போன எங்கம்மா பேரைக் காட்டுது!"

"பயப்படாதடி. அந்தப் பேருக்கு எந்தப் பதிவைக் குடுத்த?"

"அம்மாவோட யோய்க் பாட்டை."

"அம்மா பாடினதா?"

"இல்ல, அம்மா இருந்தப்ப அப்பா பாடினது."

"அசடு! அப்ப அப்பா பேரைத்தானே போடணும்?"

"அது எப்படிக்கா? அது அம்மாவோட யோய்க்காச்சே!"

நார்வேக்காரி இங்வில்டுக்கு இது எங்கே புரியப்போகிறது? சாமி சனத்தில் யோய்க் பாடுகிறவருக்குச் சொந்தமில்லை. யாரைப் பாடுகிறோமோ அவருக்கே சொந்தம். பாடினால் அவரே வந்துவிடுவார். பாவம், பெட்டிக்குத் தெரிந்தது குரல் மட்டும்தான். அப்பா பேசினால் அப்பா, பாடினால் அம்மா என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் மந்தைக்குப் போன அப்பா திரும்பி வந்து, அவள் காதுக்கு எட்டாத குரலில் இங்கேதான் எங்கோ பாடிக்கொண்டிருக்கிறார். அம்மா போனதிலிருந்து ஒரு யோய்க் கூட வாயில் வராத மனுஷர்!

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த விறகுக் கொட்டகைக்கு ஓடினாள். அப்பா விறகுக் கட்டைமேல் உட்கார்ந்து, தொண்டைக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

பெயர் அணையவில்லை.

இருவரும் மூச்சுவிடாமல் அதையே பார்த்தார்கள். கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் அது அணைந்தது.

"தினமும் அவளைக் கூப்பிடுறேன்டி," என்றார் அப்பா. "வர்றாளா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சதே இல்ல. உன் பெட்டிக்குத் தெரியுதே!" கையை நீட்டினார். "அந்தக் காகிதத்தைக் குடு, கையெழுத்துப் போடறேன். ஆனா அவ பேரை மட்டும் அழிச்சிடாத."

ரிஸ்தன் அழவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அப்பா குரலுக்கு அம்மா பேர் போட்ட தப்பைத் திருத்தாமல் அனுப்பினால் முகாமில் இடம் கிடைக்காது. மேசைக்குத் திரும்பி வந்து, பெட்டியில் பெயருக்கு ஒரு கட்டம் மட்டுமே இருந்த அட்டவணையில் இன்னொரு கட்டம் சேர்த்தாள்.

குரல்: அப்பா. வந்தவர்: அம்மா.