பத்தே கால் மணி

...நேற்று ராத்திரி என்று சொல்லியாகிவிட்டது, சொன்னதைச் சொன்னதாகவே விட்டுவிட வேண்டியதுதான், எட்டு மணி இருக்கும் டாக்டர், கரி மூட்டை தூக்கினேன், அப்போதிருந்து நெஞ்சில் ஒரு கல் வைத்த மாதிரி... கரி மூட்டை என்று எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது? நேற்று அவன் ஒரு மூட்டையும் தூக்கவில்லை, எட்டு மணிக்கு ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுவிட்டு, இருமிவிட்டு, படுத்துத் தூங்கிப்போனான். தொக்தோசுன் கட்டிலில் கையை நீட்டியபடி கிடந்தான், ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது, இரத்தத்தைக் குழாயில் எடுத்துக்கொண்டு நர்ஸ் போய் அரை மணி ஆகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் தம்பி இஷென்பாய், மடியில் தொப்பி, விரலெல்லாம் புகைக்கரி. என் விரலிலும் இருக்கிறது, இரண்டு பேரும் காலையில் அடுப்புக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தவர்கள்தானே, அக்டோபர் பிறந்து பத்து நாளாகியும் குழாய் மாட்டாத வீடு நாரின் நகரத்திலேயே நம்முடையதாகத்தான் இருக்கும் என்று அவன் கேலி செய்தான், நான் ஏணியில், அவன் கீழே குழாயைத் தாங்கிக்கொண்டு... அங்கேயே நின்றிருக்கலாம், கேலியோடு நின்றிருக்கலாம், ஆனால் நான்தானே ஆரம்பித்தேன், என் மகன் இங்கே இருந்தால் உன்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன், அவன் ருஷ்யாவில் உட்கார்ந்துகொண்டு அப்பன் செத்தானா பிழைத்தானா என்று ஒரு போன் கூடப் போடுவதில்லை என்று நான்தான் சொன்னேன். அதற்கு இவன் நிமிர்ந்து பார்த்தான். உனக்குத்தான் போடுறதில்ல, எனக்கு வாராவாரம் போடுறான், உன் குரலக் கேட்டா அவனுக்குக் கை நடுங்குதாம். அவ்வளவுதான். குழாயின் கடைசித் துண்டு பொருந்துகிற நேரம், உள்ளே ரேடியோவில் பத்தே கால் செய்தி தொடங்கிய நேரம், நெஞ்சுக்கு நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்தினார்கள். இடது தாடை வரைக்கும்.

அதை எப்படிச் சொல்வது? பத்தே கால் என்று சொன்னால் பத்தே காலுக்கு என்ன நடந்தது என்று அந்தப் பெண் கேட்பாள், சோல்பொன் என்று பெயர், டாக்டர் படிப்பு முடித்து இங்கே வந்து ஒரு வருஷம் கூட ஆகியிருக்காது, என் மகனைவிட மூன்று நாலு வயதுதான் மூத்தவளாக இருப்பாள், ஆனால் கேள்வி கேட்டால் விடமாட்டாள் போலிருக்கிறது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மனசுக்குக் கஷ்டமான விஷயம் ஏதாவது நடந்ததா... தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். தன் பழைய காரில் பதினைந்து நிமிஷத்தில் என்னைக் கொண்டுவந்து சேர்த்தவன், வழியெல்லாம் உதடு வெளுத்துப்போய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தவன். நீ சொன்னதால்தான் எனக்கு வந்தது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்வதா? நாளைக்கு நான் இல்லாமல் போனால் அந்த வார்த்தையை அவன் எங்கே கொண்டுபோய் வைப்பான்? அதனால்தான் நேற்று ராத்திரி. அதனால்தானா? தொக்தோசுன் கண்ணை மூடினான். அதுவும் உண்டு. ஆனால் இன்னொன்றும் இருந்தது, அது இதைவிடச் சின்னது, சொல்ல வெட்கமானது.

சோல்பொன் கையில் ஒரு தாளோடு வந்தாள். வெள்ளைக் கோட்டுக்கு மேல் கம்பளிச் சால்வை, அந்த அறையில் ஹீட்டர் இன்னும் போடவில்லை.

"அண்ணே, இசிஜில ஒண்ணும் தெரியல. ரத்தத்துலயும் ட்ரோபோனின் அளவு ஆறுதான், ரொம்பக் கம்மி. நேத்து எட்டு மணிக்கே வலி வந்து இவ்வளவு நேரத்துக்கு அப்புறமும் ஏறலன்னா, பயப்பட ஒண்ணும் இருக்காது. மாத்திரை எழுதித் தர்றேன், வீட்டுக்குப் போங்க."

வீட்டுக்கு. அவன் எழுந்து உட்காரவே தொடங்கினான், பூட்ஸைத் தேடிக் கால் நீண்டது. பேனாவை வைத்துக்கொண்டு அவள் ஒரு கணம் நின்றாள்.

"நேரம் சரிதானே? ஏன் கேக்கறேன்னா, இதயத் தசை அடிபட்டா அதுலேருந்து இது ரத்தத்துல கசியும். ஆனா உடனே கசியாது, மணிக்கணக்கு ஆகும். இப்பதான் வலி வந்துச்சுன்னா இந்த ஒரு டெஸ்ட்டுக்கு அர்த்தமே இல்ல."

தம்பி தொப்பியின் ஓரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும், ஏணிக்குக் கீழே நின்றவன் அவன், நான் குழாயை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்தபோது என்னைத் தாங்கியவன் அவன், ஏன் சொல்லமாட்டேன் என்கிறான்? சொன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்றா? இரண்டு பேரும் ஒரே வாக்கியத்துக்குப் பயந்துகொண்டு, ஒருத்தன் உயிரைப் பந்தயம் வைத்து உட்கார்ந்திருக்கிறோம், ஐம்பத்தேழு வயதும் ஐம்பத்திரண்டு வயதும்... பூட்ஸ் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது, குனிந்தால் எடுத்துவிடலாம், குனிந்தால் வலி வருமோ? இப்போது கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரையாலோ என்னவோ.

"அண்ணே," என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி. "சொல்லிடு."

"பத்தே கால்," என்றான் தொக்தோசுன். "இன்னிக்குக் காலையில. பத்தே கால்."

அவள் திட்டவில்லை. ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்றும் கேட்கவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. எழுதியதை அடித்தாள், மேலே வேறு எண் எழுதினாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அப்ப மொத ரத்தம் எடுத்தப்போ வலி வந்து ஒரு மணி நேரந்தான் ஆயிருக்கு. ரெண்டே காலுக்கு இன்னொரு தடவ எடுக்கணும். ஏறுதான்னு பாக்கணும். அதுவரைக்கும் எந்திரிக்கக் கூடாது, தண்ணி வேணும்னாலும் தம்பிதான் எடுத்துத் தரணும்."

இரண்டரை மணி நேரம் என்பது எவ்வளவு என்று லாரி ஓட்டுகிறவனுக்குத் தெரியும், கரா-கெச்சே சுரங்கத்தில் கரி ஏற்றி, கணவாய் இறங்கி, பாதி வழி வந்துவிடலாம். சும்மா படுத்திருக்கிறவனுக்கு அது எவ்வளவு? மானிட்டரில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டே இருந்தது, அதைப் பார்க்காமல் இருக்க முயன்றால் காதில் அதன் சத்தம். கை நடுங்குதாம். எனக்கு நடுங்கியதில்லையே, அன்றைக்கு அடிக்கும்போது நடுங்கவே இல்லை. கரிக் கிடங்கில் என் மகன் பெக்தூர் லாரியைப் பின்னால் எடுத்தபோது சுவரில் இடித்தது, விளக்கு உடைந்தது, பத்தொன்பது வயது, அவன் இறங்கி உடைந்த கண்ணாடியைக் குனிந்து பொறுக்கினான், பொறுக்குகிறவனைத்தான் அடித்தேன், நிமிர்ந்ததும் கன்னத்தில், எட்டுப் பத்து டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு பார்க்க. ஒருத்தன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் இரண்டாவது அடி. என் மனைவி ஆயினா உயிரோடு இருந்திருந்தால் அன்று ராத்திரி என்னோடு பேசியிருக்கமாட்டாள், அவள் போய் அதற்குள் இரண்டு வருஷம் ஆகியிருந்தது, வீட்டில் பேசாமல் இருக்கக்கூட ஆள் இல்லை. அடுத்த வசந்தத்தில் பையன் போய்விட்டான். பஸ் நிலையத்தில் கைகுலுக்கினான், பெரிய மனுஷன் மாதிரி, நானும் குலுக்கினேன், குளிர்கிறது சீக்கிரம் ஏறு என்றேன். அவ்வளவுதான் சொன்னேனா? அவ்வளவுதான் சொன்னேன்.

தம்பி வெளியே போய்ப் பால் டீ வாங்கிவந்தான், பாதி வழியில் நர்ஸ் தடுத்தாள், இவருக்குக் கிடையாது, நீங்க வேணா குடிங்க. அவனும் குடிக்கவில்லை, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சூடு ஆறும்வரை உட்கார்ந்திருந்தான்.

"எத்தன நாளா பேசுறான்?"

"போனதுலேருந்து."

"என்னப் பத்திக் கேப்பானா?"

தம்பி யோசித்தான், பொய் சொல்வதா என்று யோசிக்கிறானோ என்று தோன்றியது. "அப்பா இன்னும் இருமுறாரான்னு கேப்பான். ஆமான்னு சொல்வேன்."

தொக்தோசுன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பக் கூடாது என்று நர்ஸ் அதட்டினாள், மல்லாந்தான், கண்ணின் ஓரத்திலிருந்து ஏதோ காதுக்குள் இறங்கியது, துடைத்தால் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டான். இரண்டு வருஷமாக ஒருவன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு என் இருமலை விசாரித்திருக்கிறான்.

இரண்டே காலுக்கு இரண்டாவது ஊசி. மூன்று மணிக்கு சோல்பொன் வேகமாக வந்தாள், வேகத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த ஆறு இப்போது ஐம்பத்தெட்டு ஆகியிருந்தது.

"ஏறியிருக்கு, அண்ணே. ஹார்ட் அட்டாக்தான். சின்னதா இருக்கும்போதே பிடிச்சிட்டோம், ஆனா இங்க ரத்தக் குழாய்க்குள்ள பாக்குற வசதி இல்ல. பிஷ்கெக் போகணும், ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு, நர்ஸ் கூட வருவாங்க." மாத்திரைகளை மென்று விழுங்கச் சொன்னாள், வயிற்றில் ஓர் ஊசி போட்டாள். போகும்போது திரும்பி, "அந்த நேரத்தச் சொன்னீங்களே, அதுக்கு நன்றி. இல்லன்னா அனுப்பியிருப்பேன்," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் பிசகியது. அவளும் பயந்திருக்கிறாள், சின்னப் பெண், இன்றைக்கு ராத்திரி அவளுக்குத் தூக்கம் வராது.

தம்பி அழுதான். முகத்தைத் தொப்பியில் புதைத்துக்கொண்டு, தோள் மட்டும் குலுங்க. வாய மூடியிருக்கணும் அண்ணே, என்றான். தொக்தோசுனுக்கு அப்போதுதான் அந்தச் சின்ன விஷயம் மனசுக்குள் வார்த்தையாக வந்தது: நான் உன்னைக் காப்பாற்றுவதற்காக மறைக்கவில்லைடா, அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை, யாரும் சொல்லாவிட்டால் அது நடக்காத மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். வாயில் வந்தது வேறு. "குழாய் இன்னும் மாட்டல. கடைசித் துண்ட நீயே மாட்டிடு. புகை உள்ள வரும்."

தம்பி தலையாட்டினான். மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான், எண்ணைத் தேடவில்லை, விரல் தானாகப் போனது. இரண்டு வார்த்தை பேசினான், அப்புறம் அண்ணன் காதில் வைத்தான்.

"அப்பா?" என்றது குரல். மீசை வைத்தவன் குரல் மாதிரி இருந்தது. பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ ருஷ்ய மொழியில் கத்தினார்கள். என்ன பேசுவது, எந்தக் குரலில் பேசுவது, எனக்கு இருப்பது ஒரே குரல்தானே, எதைச் சொன்னாலும் அதட்டுகிற மாதிரி... மெதுவாக, முடிந்த அளவு மெதுவாக, "நீ இப்ப எந்த ஊர்ல இருக்க?" என்று கேட்டான். கேட்டபிறகுதான் தெரிந்தது, இரண்டு வருஷத்தில் அதைக் கேட்டதே இல்லை. பெக்தூர் ஓர் ஊரின் பெயரைச் சொன்னான், நீளமான பெயர், பிடிபடவில்லை, இன்னொரு தடவை கேட்கலாமா, கேட்டால் கோபித்துக்கொண்ட மாதிரி இருக்குமா? சரி, என்றான் தொக்தோசுன். அங்கே அவன் மூச்சு விடுவது கேட்டது. நர்ஸ் வயர்களைச் சரிசெய்துகொண்டே குனிந்து, நெஞ்சுல மறுபடி ஏதாவது பண்ணுதா, பண்ணா மறைக்காம சொல்லணும், என்றாள். பண்ணுகிறது. நடுவில், எலும்புக்குப் பின்னால், இறுக்கமாக, ஆனால் காலையில் வந்தது மாதிரி இல்லை, தாடைக்குப் போகவில்லை, இது அதுதானா, இல்லை வேறா, இதற்கு என்ன பெயர் சொல்வது, அவள் காத்துக்கொண்டிருக்கிறாள், அவனும் லைனில் காத்துக்கொண்டிருக்கிறான்...