தொண்டிப் பொருளாக ஒரு பன்னீர் ரோஜா

ராஜபாளையத்தில் ஒரு பெண் ரோஜாச்செடிக்காகப் புருஷனை விட்டுப் போனாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அந்தப் புருஷன், ஓய்வுபெற்ற ஏட்டு பாண்டிதுரையே முதல் இரண்டு நாள் நம்பவில்லை.

நாச்சியார் தன் பிறந்த ஊரிலிருந்து குச்சி கொண்டுவந்து, பாதியாக அறுத்த நீல டிரம்மில் வளர்த்த பன்னீர் ரோஜா அது. வருஷம் முழுக்கப் பூக்கும். காலையில் முதல் பூவைப் பறித்து அவர் மூக்கருகே நீட்டி, மணக்குதா என்று கேட்பாள். ஜோராக மணக்குது என்பார். அதன் பிறகே அது அவள் கொண்டையில் ஏறும். உண்மையில், கொரோனா வந்துபோனதிலிருந்து பாண்டிதுரைக்குச் சாக்கடையும் சாம்பாரும் ஒன்றுதான். அதை அவளிடம் சொல்ல மனசு வரவில்லை. மூக்கு போன மனுஷனுக்கு யார் மெனக்கெட்டு ருசியாகக் குழம்பு வைப்பார்கள்?

ஆடி மாதம் பூ குறைந்தது. பாண்டிதுரை செல்போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, கவாத்து பண்ணுகிறேன் பேர்வழி என்று இடுப்பு உயரச் செடியை ஒரு சாண் குச்சியாக்கிவிட்டார். நாச்சியார் கத்தவில்லை. நாலு சேலையை எடுத்துப் பையில் வைத்தாள்.

"அடியோட வெட்டிட்டீக. இனிமே பூத்தாலும் மணக்காது. மணக்கட்டும், அப்ப வாரேன்" என்று சொல்லிவிட்டு, கான்சாபுரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அதற்கப்புறம் அவர் சமைத்தாரோ இல்லையோ, செடிக்கு வேளை தவறாமல் சாப்பாடு போட்டார். மக்கிய சாணி, முட்டை ஓடு, வெங்காயத்தோல் ஊறிய தண்ணீர். செக்கச்செவேலென்று துளிர் விட்டது, மொட்டு வைத்தது, ஒரு நாள் பூத்தும்விட்டது. பாண்டிதுரை மூக்கைப் பூவுக்குள் நுழைத்து மூச்சை இழுத்தார். ஒரு எறும்பு உள்ளே போனதுதான் மிச்சம்.

இத்தனை வருஷம் கூசாமல் சொன்ன பொய் இப்போது வாயில் வரவில்லை. பொய் சொல்லி அழைத்து வந்து, பூ மணக்காமல் போனால் அப்புறம் அவள் எந்தக் காலத்திலும் திரும்பமாட்டாள். திட்டுவதற்கு ஆளில்லாத வீட்டில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

உத்தியோக புத்தியில் சாட்சிகளைத் திரட்டினார். பால்கோவா கிண்டும் இம்மானுவேல் மோந்து பார்த்து, பால் காய்ச்சுகிற வாசம் என்றார். பேண்டேஜ் துணி மில்லில் வேலை பார்க்கும் ஷெரின், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றாள். கருவாடு விற்கும் மாரிக்கனி சொன்னதை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சாட்சிகள் பிறழ்ந்து எத்தனையோ வழக்கு தோற்றதைப் பார்த்த மனுஷன்தான். ஆனால் அதெல்லாம் அடுத்தவன் வழக்கு, இது சொந்தப் பெண்டாட்டி வழக்கு.

போனில் அழைத்துப் பூத்த விவரத்தை மட்டும் சொன்னார். பூவைக் கடையில்கூட வாங்கலாம், செடியைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லி நாச்சியார் போனை வைத்துவிட்டாள்.

டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து வத்திராயிருப்பு பஸ் ஏறினார். இதையெல்லாம் ஏற்ற முடியாது என்று கண்டக்டர் மறித்தபோது, பழைய மிடுக்கில், "கேஸுல புடிச்ச தொண்டிப் பொருளுய்யா, விசாரணைக்குப் போகுது" என்றார். கண்டக்டர் அரண்டுபோய் ஒரு ஆளை எழுப்பிவிட்டுச் செடிக்கு ஜன்னலோர சீட் கொடுத்தார். பாண்டிதுரை நின்றுகொண்டே வந்தார். பின்சீட்டில் யாரோ கிடா ஒன்றை ஏற்றியிருந்ததால் பஸ்ஸில் வேறெதன் வாசமும் எடுபடவில்லை.

கான்சாபுரத்தில் செடியைப் பார்த்ததும் நாச்சியார் முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து மோந்தாள். மறுபடி மோந்தாள். பிறகு அவரையே பார்த்தாள்.

"உங்களுக்கு மணக்குதா?"

"எனக்கு மூக்கு செத்து வருசக் கணக்காச்சு நாச்சியா. நீ நீட்டும்போதெல்லாம் சும்மா சொன்னேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். நாச்சியார் டிரம்மின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும்தான். அதனாலதான தெனம் உங்க மூக்குல நீட்டுனேன். நீங்க மணக்குதுன்னா வச்சுக்கிடுவேன்."

அவள் குழம்பில் உப்பு, புளி சரிபார்த்ததுகூட இவர் முகத்தைப் பார்த்துத்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவரும் அவள் முகம் வாடக்கூடாது என்று எல்லாவற்றையும் பிரமாதம் என்றுதான் சொல்லிவந்தார். ஊரில் இப்படி ஒரு குடித்தனம் நடந்திருக்கிறது. சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் இரண்டு பேரும் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தென்னந்தோப்பிலிருந்து வந்த அண்ணன் ஜெயபாண்டி, வாசலைத் தாண்டாமலேயே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏட்டி நாச்சியா, பூ வாசம் தெரு வரைக்கும் அடிக்கு. எனக்குத் தலைவலியே வந்துருச்சு. மாப்ளயக் கூட்டிக்கிட்டு, அந்தச் செடியவும் தூக்கிட்டு மொதல்ல வீடு போய்ச் சேருங்க."

நாச்சியார் எழுந்து ஒரு பூவைக் கிள்ளிக் கொண்டையில் சொருகினாள்.

"மணக்குதாம்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, சேலை மாற்ற உள்ளே போனாள்.