பாவாடை கட்டிய செடி

ஓக்ஹியின் செடி பாவாடை கட்டிவிட்டது. சதைப்பற்றுச் செடி வளர்க்கிற பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். ரோஜாப்பூ மாதிரி மேலே குவிந்திருக்க வேண்டிய தடித்த இலைகள் அகன்று, தளர்ந்து, தொட்டி விளிம்புக்குக் கீழே தொங்கிவிடும். இலையுதிர் காலத்துக் குளிரில் பசுமைக்குடிலின் மற்றப் பலகைகளில் எல்லாம் செடிகள் சிவந்து இறுகிக்கொண்டிருந்தன. இவளுடையது மட்டும் வெந்த முட்டைக்கோஸ் நிறத்தில் கிடந்தது. பனி விழுவதற்குள் தேறாவிட்டால் தண்டு அழுகிவிடும். கட்டைவிரல் அளவில் வாங்கி, தண்டு மரம்போல் முற்றும்வரை வளர்த்த செடி அது.

தென்கொரியாவில் கிம்ஹே நகருக்கு வெளியே இருக்கிற அந்தப் பசுமைக்குடில் கில்சு முதலாளியுடையது. வீட்டு பால்கனியில் வெயில் விழாத பெண்கள் அங்கே ஆளுக்கொரு பலகையை வாடகைக்கு எடுத்துத் தொட்டிகளை வைத்திருந்தார்கள். அடுத்தவர் தொட்டியைத் தொட்டால் பலகையைக் காலி செய்ய வேண்டும் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார் முதலாளி. சென்ற வருடம் ஒருத்தி காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளியதற்கே போக வேண்டி வந்தது.

ஓக்ஹிக்குச் சந்தைத் தெருவில் தொடுகறிக் கடை. கிம்ச்சி ஊறுகாய், ஊறவைத்த எள்ளிலை, சோயாவில் வெந்த பயறு எல்லாம் விற்று முடித்துக் கடையைப் பூட்டிவிட்டு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்த நேரத்தில்தான் பக்கத்துப் பலகைக்கார மால்சூன் அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் கல்யாணமாகிப் போனபின் அவளுக்குப் பகல் முழுவதும் அங்கேதான்.

"தண்ணி போதலடி. பாரு, எப்படித் துவண்டு கிடக்கு," என்றாள் மால்சூன்.

"போன வாரம்தானே ஊத்தினேன், அக்கா."

"ஊத்தினியா, காட்டிட்டு எடுத்துட்டியா? கடையில கீரைக்கு எண்ணெய் விடுற மாதிரி விட்டா செடி எப்படி நிமிரும்?"

ஓக்ஹி ஊற்றினாள். நாலைந்து நாளில் பாவாடை இன்னும் கொஞ்சம் இறங்கியது.

அதன்பிறகுதான் அவளுக்கு உறுத்தியது. அடியிலை ஒன்றை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். தாகத்தில் இருக்கிற இலை சுருங்கி, மெத்தென்று இருக்கும். இது உப்பியிருந்தது. அழுகல் என்றால் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். அதுவும் இல்லை. மூங்கில் குச்சியை மண்ணில் செருகி எடுத்தாள். குச்சியில் ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் ஊற்றிய தண்ணீருக்கு இவ்வளவு நாள் ஈரம் நிற்காது.

வேறு யாரோ ஊற்றுகிறார்கள்.

பக்கத்துப் பலகையைப் பார்த்தாள். ஒரே நாள், ஒரே கடையில், ஒரே ரகமாக இருவரும் வாங்கிய செடி. மால்சூனுடையது நுனியெல்லாம் சிவந்து கைமுட்டி போல இறுகியிருந்தது. தண்ணி போதலடி என்று சொன்ன குரல் திரும்பவும் காதில் கேட்டது. இவ்வளவு அக்கறை எதற்கு?

மறுநாள் கடையிலிருந்து ஒரு பொட்டலம் அரிசி மாவு கொண்டுவந்தாள். தொட்டியைத் தூக்கி, பலகையில் மெல்லிசாகத் தூவி, அதன்மேல் வைத்தாள். யாராவது தண்ணீர் ஊற்றினால் கீழே வடிந்து மாவு கட்டிப்போகும்.

"என்னடி பண்றே?" என்று வாசலிலிருந்து கேட்டாள் மால்சூன்.

"எறும்பு வருது, அக்கா. மருந்து."

"எறும்பா? என் பக்கம் ஒண்ணுகூட வரலையே."

"உங்க பக்கம் எதுக்கு வரும்," என்றாள் ஓக்ஹி.

அடுத்த நாள் மாலை வந்து பார்த்தபோது மாவு காய்ந்தேதான் இருந்தது. ஆனால் நடுவில் வேறொரு தொட்டியின் வட்டம் பதிந்திருந்தது. பெரிய வட்டம். ஓக்ஹி குனிந்தாள். அவள் பலகைக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், காலித் தொட்டிகள் அடுக்குகிற தட்டு ஒன்று உண்டு. அங்கே சின்னதாக ஒரு வெள்ளை வளையம். அவள் தொட்டியின் அளவு.

அன்று அவள் மால்சூன் நீட்டிய ஆரஞ்சை வாங்கவில்லை.

மறுநாள் மதியம், கூட்டம் வருகிற நேரத்திலேயே கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினாள். பசுமைக்குடிலின் பின்கதவு வழியாக நுழைந்தாள். அவளுடைய பலகையில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. வெயிலின் நடுவில் மால்சூனின் செடி உட்கார்ந்திருந்தது. ஓக்ஹியின் செடி கீழ்த்தட்டில், தன் இலைகளைத் தட்டுவரை விரித்துக்கொண்டு, இருட்டில். பக்கத்தில் மால்சூன் கிம்பாப் சோற்றுச்சுருளைத் தின்றுகொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கா?" என்றாள் ஓக்ஹி.

மால்சூனின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. பிறகு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினாள். பிளாஸ்டிக் சுவருக்கு வெளியே, கோடையில் கட்டி முடித்த கிடங்கு உயரமாக நின்றது. அதன் நிழல் மால்சூனின் பலகையை முழுசாக மூடி, ஓக்ஹியின் பலகை ஓரத்தில் வந்து நின்றிருந்தது.

"குளிர் வந்து வெயில் சாய ஆரம்பிச்சதிலிருந்து என் பக்கம் இதுதான். முதலாளிகிட்ட சொன்னேன். வசந்தத்துல சரியாயிடும்கிறான். அதுவரைக்கும் செடி பொறுக்குமா?"

"அதனால என் செடியைப் பாதாளத்துல தள்ளினீங்க."

"சாயங்காலம் எடுத்து வச்சிடுவேன்ல."

"சாயங்காலம் வெயில் அடிக்குதா, அக்கா? தண்ணி வேற ஊத்தச் சொன்னீங்க. இருட்டுல மண்ணு எப்படிக் காயும்?"

"ஏதாவது சொல்லணுமே. இருட்டுல கிடக்குதுன்னா சொல்ல முடியும்?"

"கேட்டிருக்கலாம்."

"கேட்டா குடுத்திருப்பியா?"

ஓக்ஹி கொடுத்திருக்க மாட்டாள். அது இருவருக்கும் தெரிந்திருந்தது.

கில்சு முதலாளி காகிதக் கோப்பையில் காபியோடு வந்தார். "என்னம்மா, பகல்ல? கடைக்கு லீவா?" என்றவர் கீழே குனிந்து பார்த்தார். "அடடா. வெயிலே படலையே இதுக்கு. யார் இங்க இறக்கி வச்சது?"

மால்சூன் மிச்சக் கிம்பாப்பை மெதுவாகச் சுற்றிக் கட்டினாள்.

உண்மையைச் சொல்லி மால்சூன் போக நேர்ந்தால் இந்த இருட்டுப் பலகைக்கு வேறொருத்தி வருவாள் என்று ஓக்ஹி யோசித்தாள். அவளுக்கும் வெயில் வேண்டும். அவள் எப்போது வருவாள், எப்போது போவாள், கை எவ்வளவு நீளம் என்று முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

"நான்தான் வச்சேன். மேல வெயில் சுடுதோன்னு," என்றாள்.

"வருஷக்கணக்கா வளர்க்கிறே, இது தெரியாதா?" முதலாளி தலையை ஆட்டினார். "மண்ணு காயற வரைக்கும் தண்ணியே வேண்டாம். காத்தாடிப் பக்கம் திருப்பி வை. ஒரேயடியா வெயில்ல வச்சுடாதே, இலை வெந்துடும். முதல்ல காலையில மட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டு. தொங்கின இலை இனிமே நிமிராது. நடுவுல புதுசா வர்றது நிமிர்ந்து வந்தா பிழைச்சுடும்."

அவர் போனபின் மால்சூன் மெல்லச் சொன்னாள்: "அப்போ காலையில உன்னது. மதியம் என்னது."

"மதியம் உங்களுதுன்னு சொல்லாதீங்க. பலகை என்னோடது."

"சரிடி, உன் பலகைதான்."

"தினம் காலையில போட்டோ எடுத்து அனுப்பணும். செடி வெயில்ல இருக்கிற மாதிரி."

"என்னை நம்ப மாட்டியா?"

"மாட்டேன், அக்கா."

மறுநாள் பயறு வெந்துகொண்டிருக்கும்போது போன் ஒலித்தது. படத்தில் செடி பலகையின் மேல், வெயிலில் இருந்தது. ஓக்ஹி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள். இலையைப் பார்க்கவில்லை. காலை நேரத்து நிழல்தானா, இல்லை வேறொரு நாள் மதியம் எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறாளா என்று தொட்டியின் நிழல் விழுந்த பக்கத்தைப் பார்த்தாள். நிழல் சரியாகத்தான் விழுந்திருந்தது.

அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, "நாளைக்கு பக்கத்துல அன்னிக்கு வந்த பேப்பரையும் வச்சு எடுங்க," என்று பதில் அனுப்பினாள்.