நல்லகாமனுக்காகப் பொழுது நின்ற ஏழாம் நோன்பு

1936ஆம் வருடம் கார்த்திகை ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மதுரையில் சூரியன் இரவு எட்டு இருபதுக்கு மறைந்தது. வழக்கமாக அந்த மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும். தாமதத்துக்குக் காரணம் அச்சம்பத்து விவசாயி நல்லகாமன் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அவனுக்குத்தான் அது கடைசியாகத் தெரிந்தது.

நல்லகாமனுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. தங்கமான மனசு, பெருத்த தொந்தி. எதையும் முழுசாக முடிக்க மாட்டான் என்பது ஒன்றுதான் குறை. தொழுவத்துக்கு மூன்று சுவர் எழுப்பினான். நாலாவது சுவருக்குப் பதிலாக மாடுகளே குறுக்கே படுத்துக்கொண்டன. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அவன் மனைவி முத்துத்தாய், "ஒரே ஒரு காரியத்த முடிச்சுட்டு வந்து கூப்புடு, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பேரையூரில் தாய்வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவளை அழைத்துவரக் கிளம்பியவன் மூன்று தடவையும் பாதி வழியில் திரும்பினான். முதல் தடவை மழை, அடுத்த தடவை கிடாவெட்டு, மூன்றாம் தடவை வெட்கம். அவள் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தொந்தி மட்டும் ஏனோ குறையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தேகப்பயிற்சிச் சங்கம் ஒன்று, சிம்மக்கல்லிலிருந்து திருமங்கலம் போய்த் திரும்பும் இருபத்தாறு மைல் மாரத்தான் ஓட்டம் என்று தண்டோரா போட்டது. சொந்தக் காலில் வர வேண்டும், சூரியன் மறைவதற்குள் வர வேண்டும்; விதி அவ்வளவுதான். நல்லகாமன் பெயர் கொடுத்துவிட்டு, வந்து பார்க்கும்படி பேரையூருக்குச் சொல்லியனுப்பினான். முத்துத்தாய் நம்பவில்லை. ஆனாலும் முதல் பஸ்ஸில் வந்து முடிவுக் கயிற்றின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

காலை ஆறு மணிக்குப் பத்தொன்பது பேர் கிளம்பினார்கள். பதினெட்டுப் பேர் மத்தியானத்துக்குள் வந்து, சோடா குடித்து, வீட்டுக்கும் போய்விட்டார்கள். நல்லகாமனுக்கு வினையாக வாய்த்தது சொந்தபந்தம். திருமங்கலம் ரோடு நெடுக அவனுக்கு உறவுக்காரர்கள். வாசலில் நின்று கூப்பிடுகிறவர்களைத் தாண்டி ஓட அவனால் முடியவில்லை. "நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இவுக வாசல்ல போயி நிப்பேன்?" என்று கேட்டபடியே பதினோரு வீடுகளில் உட்கார்ந்து மோர் குடித்தான். அக்காவைத் திரும்ப அழைக்கத்தான் ஓடுகிறான் என்று கேட்ட சந்தோஷத்தில் கப்பலூர்க் கொழுந்தியாள் இலையே போட்டுவிட்டாள். கை நனைக்காமல் எழுந்தால் மரியாதையில்லை.

அன்றைக்கு ரம்ஜானின் ஏழாம் நோன்பு; சாயங்காலம் சிம்மக்கல்லில் நோன்புக் கஞ்சி தயாராகிவிட்டது. சூரியன் மட்டும் மேற்கே ஒரு பனை உயரத்தில் அப்படியே நின்றது. பாங்கு சொல்லத் தொண்டையைச் செருமிய மோதினார் செருமிக்கொண்டே இருந்தார். கடிகாரம் பழுதுபார்க்கும் பீர் முகமது, கடையிலிருந்த அத்தனை கடிகாரங்களையும் கழற்றிப் பார்த்து, எதிலும் கோளாறில்லை என்று திரும்ப மாட்டினார். ஏழு மணிக்குத் திருமங்கலம் பஸ்ஸில் வந்தவர்கள்தான் விவரம் சொன்னார்கள்: பசுமலைப் பக்கம் ஒருவன் ஓடி வருகிறான், அவன் உட்கார்ந்தால் சூரியனும் நிற்கிறது, எழுந்து நாலடி வைத்தால் இம்மி இறங்குகிறது. பீர் முகமது மறுபேச்சில்லாமல் சைக்கிளை எடுத்தார்.

"ஓடுங்கண்ணே, கஞ்சி ஆறுது. எனக்குப் பரவாயில்ல, வீட்ல சம்சாரம் மரியம் பீவி பசியும் கோவமுமா இருக்கா."

"எனக்காக எதுக்குங்க பாய் காத்திருக்கீக? நீங்க குடிங்க" என்றான் நல்லகாமன், ஒன்றும் விளங்காமல்.

விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. பீர் முகமது முன்னால் போய் வழியிலிருந்த வாசல்களையெல்லாம் சாத்தச் சொன்னார். அதன் பிறகு யாரும் அவனை மோர் குடிக்கக் கூப்பிடவில்லை.

கயிற்றுக்கு இருபது கஜம் இருக்கும்போது நல்லகாமன் ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். கட்டைவிரல் நகம் பெயர்ந்திருந்தது. "அம்புட்டுதான் முத்துத்தாயி, இனி ஏலாது" என்று அழுதான். இரண்டு வருடக் கோபத்தையும் மீறி அவளுக்குப் பாவமாக இருந்தது. கிட்டே வந்து, திட்டாமல், அவனுக்கு எதிரே ரோட்டிலேயே உட்கார்ந்தாள்.

"சரி, இரு. எம்புட்டு நேரமானாலும் நான் இங்கனதான் இருக்கேன். பொழுதும் போகல, பாரு."

அப்போதுதான் அவன் தலையைத் தூக்கி மேற்கே பார்த்தான். வரிசையாக இருந்த கஞ்சிச் சட்டிகளைப் பார்த்தான். வெட்கமாகப் போயிற்று. எழுந்து, நொண்டி நொண்டி ஓடி, தொந்தியால் கயிற்றைத் தள்ளினான். அந்தி என்று ஒன்று இல்லாமலே பொசுக்கென்று இருட்டியது. பாங்கு ஒலித்தது. எல்லோரும் தடவித் தடவி நோன்பு திறந்தார்கள். பீர் முகமதுவின் கோப்பையை வேறு யாரோ குடித்துவிட்டார்கள். முத்துத்தாய் முந்தானையைக் கிழித்து அவன் விரலைச் சுற்றிக் கட்டினாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"ஆமா."

"எந்திரி. நம்ம வீட்டுக்குப் போவோம்."

சங்கத்துக் காரியதரிசி லாந்தரைக் கொளுத்திப் பதிவேட்டை விரித்தார். பத்தொன்பதாவது, நல்லகாமன், அச்சம்பத்து. வந்த நேரம் இரவு மணி எட்டு இருபது, சூரியன் மறைவதற்கு முன் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதில் தப்பு இருப்பதாக அன்றைக்கும் அதற்குப் பிறகும் மதுரையில் யாரும் சொன்னதில்லை.