சுரங்கப்பாதைக்கு முன்னால் ஒரு ‘ச’ பாட்டு

“மிசாவோ! அது மீன் அடையா, அடுப்புக்கரியா?”

முதலாளியம்மாவின் குரல் கேட்டுத்தான் வாணலியைப் பார்த்தேன். அடைகள் கருத்திருந்தன. அவசரமாக ஜல்லிக்கரண்டியால் அள்ளித் தட்டில் போட்டேன். அதுவரை என் காது முழுக்க அலமாரி மேலிருந்த வானொலியில்தான் இருந்தது.

வியாழக்கிழமை என்றால் எங்கள் ஊர் வானொலிக்கு ஓர் எழுத்துதான். அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டுகளை மட்டுமே நேயர்கள் கேட்கலாம். போன வாரம் ‘கொ’. இந்த வாரம் ‘ச’. நிகழ்ச்சி தொடங்கியதிலிருந்து விடைபெறும் சயோனாரா பாட்டுகள் தவிர வேறொன்றும் வரவில்லை. ஒருத்தி படகுக்கு விடை கொடுத்தாள். ஒருவன் பனி பெய்யும் ஊருக்கு விடை கொடுத்தான்.

“‘ச’ வந்தா இந்த ஊரே அழும்,” என்றாள் ஹருயோ, மீன் விழுதை அச்சில் தட்டிக்கொண்டே. “சயோனாரா இல்லேன்னா சகுரா, சகுரா இல்லேன்னா சாக்கே. அழு, பூவைப் பாரு, குடி. வேற என்ன இருக்கு?”

வேறொரு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். இன்று இதே பாட்டுகளை என் கணவர் ரியோஹெய் லாரியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு என்னை நிற்கவிடவில்லை.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போதுதான் சொன்னார். லாரி கம்பெனியில் அவரைத் தொலைதூர ஒசாகா கிளைக்கு மாற்றுகிறார்களாம். மாத்சுயாமாவுக்கு ஆரஞ்சு ஏற்றிப் போகும்போது, அங்குள்ள அலுவலகத்தில் இன்றே நேரில் பதில் சொல்ல வேண்டுமாம். “போகவா, வேண்டாமா?” என்றார். ‘நீயும் வா’ என்று அடுத்த வார்த்தை வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

“உங்க இஷ்டம்,” என்றேன்.

மீதிச் சோற்றில் தேநீரை ஊற்றி மடமடவென்று குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். காலையில் நான் எழுந்தபோது ஆளில்லை. கைபேசி மட்டும் சோற்றுக் குக்கரின் மூடிமேல் கிடந்தது. இப்போது அது என் ஏப்ரன் பையில் இருக்கிறது. ஆரஞ்சுக் கொட்டகைக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். “இப்பத்தாம்மா கிளம்பினார்,” என்றார்கள்.

எங்கள் ஊர் வானொலி, மாத்சுயாமா போகும் வழியிலுள்ள மலைச் சுரங்கப்பாதை வரைதான் கேட்கும். உள்ளே நுழைந்தால் வெறும் இரைச்சல்தான். “நல்ல பாட்டு பாதியில இருக்கறப்பதான் மலை குறுக்க வரும்,” என்று ரியோஹெய் அடிக்கடி அலுத்துக்கொள்வார்.

ஹருயோவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் விழுது ஒட்டிய கையைத் துடைத்துவிட்டுத் தன் கைபேசியை எடுத்தாள்.

“பாட்டைச் சொல்லு. அனுப்பறேன்.”

“சயோனாரா இல்லாத ‘ச’ வேணும்.”

“அதுக்கு நான் எங்கே போவேன்?”

“‘சகி நி இகனாய்தே’,” என்றாள் முதலாளியம்மா, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். ‘எனக்கு முன்னே போய்விடாதே’ என்கிற பழைய ஜோடிப் பாட்டு. கோடைத் திருவிழாவில் குடித்துவிட்டு ரியோஹெய் வருஷாவருஷம் அதைக் கொலை செய்வார்.

“நேயர் பேர் என்ன போட?” என்றாள் ஹருயோ. வானொலிக்கு எழுதுகிற யாரும் சொந்தப் பெயரைப் போடுவதில்லை. அவளே அங்கே ‘வாலில்லா மீன்’தான். ஆனால் என்னை அவர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமே.

“குக்கர் மேல போனை மறந்தவரின் மனைவி.”

ஹருயோ சிரித்துக்கொண்டே அனுப்பினாள்.

அறிவிப்பாளர் யாபேவுக்கு அவசரம் என்பதே தெரியாது. கடல் அலையின் உயரம் சொன்னார். கோயில் பக்கம் காணாமல் போன பூனையின் நிறம் சொன்னார். பிறகு இன்னொரு சயோனாரா. அதில் ஒருவன் ரயில் நிலையத்துக்கு, நடைமேடைக்கு, அங்கிருந்த பெஞ்சுக்குக்கூட விடை கொடுத்தான். போய்த் தொலையேன்டா என்றிருந்தது எனக்கு. லாரி இப்போது மீன் சந்தையைத் தாண்டியிருக்கும். இப்போது பாலம். இப்போது மலையேறும் வளைவு.

“அடுத்தது,” என்று யாபே இருமினார். “‘குக்கர் மேல போனை மறந்தவரின் மனைவி’ கேட்கிறார். அந்தக் கணவர் எங்கிருந்தாலும், ஐயா, போன் பத்திரமா இருக்காம்!”

பாட்டு தொடங்கியது. மூவரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டோம். பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் வந்துவிட்டது. கடை வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தேன். எதற்காகப் போனேன், லாரி என்ன பின்னோக்கியா வரப்போகிறது? திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன்.

தொலைபேசி மணி அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். தோஃபு கடைக்காரர். நாளைக்கு முப்பது அடை வேண்டுமாம். சரி, சரி என்று வைத்தேன். நாற்பது என்று சொல்லியிருந்தாலும் எனக்குக் காதில் விழுந்திருக்காது.

வைத்த கை எடுக்கும் முன் மறுபடி அடித்தது. இம்முறை முதலாளியம்மா முந்திக்கொண்டாள்.

“ஆமா... இருக்கா. என் சரக்கையெல்லாம் கருக்கிட்டு இருக்கா. இந்தா, பேசு.”

“நான்தான்,” என்றார் ரியோஹெய். “சுரங்கத்துக்கு இந்தப் பக்கம், பழக்கடையிலேருந்து பேசறேன். போகாதேன்னு சொல்றியா? அப்படின்னா வேண்டாம்னு சொல்லிடறேன்.”

ஆமாம் என்று சொன்னால் போதும், இங்கேயே இருந்துவிடுவார். ஒசாகா கிளையில் இரவுப் பயணமில்லாமல் தினமும் வீடு திரும்பும் வேலை என்று அவர் நேற்றுச் சொன்னபோது அந்த முகம் மலர்ந்ததை நான் பார்த்திருந்தேன். இதைப் பாட்டால் சொல்ல முடியாது. நான்தான் சொல்லியாக வேண்டும்.

“போகாதீங்கன்னு சொல்லலை. தனியா போகாதீங்க. நானும் வர்றேன்.”



“அதை நேத்தே சொல்றதுக்கென்ன?”

“நீங்க கேட்டாத்தானே!”

“கேட்டேனே!”

“போகவான்னு கேட்டீங்க. வர்றியான்னு கேட்டீங்களா?”

தொண்டையைச் செருமிக்கொண்டு, “வர்றியா?” என்றார்.

“ம்.”

“சரி. வண்டியை ஓரங்கட்டி, அந்தப் பாட்டை இன்னைக்குத்தான் கடைசி வரைக்கும் கேட்டேன் மிசாவோ. முடிவு நல்லாத்தான் இருக்கு.”

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். ஹருயோ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால் வெங்காயம் என்பாள். எங்கள் கடையில் வெங்காயமே கிடையாது. வேலையை விட்டுப் போகப்போவதை முதலாளியம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று புதுப் பயம் பிடித்துக்கொண்டது.

அவளோ என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஒசாகாவுல இந்த அடை கிடைக்காது. போறதுக்குள்ள ஒரு தட்டாவது ஒழுங்கா பொரிக்கக் கத்துக்கோ,” என்று ஜல்லிக்கரண்டியை நீட்டினாள். “பாரு, மறுபடியும் கருகுது!”