வெள்ளிக்கிழமை டப்பா

பஸ்ஸுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடம் இருந்தது.

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்த அனிட்டா சேலையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைத்தாள். நாலரைக்குக் கீழ்வேளூரில் ஏறினால்தான் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்காவது பேராவூரணி போய்ச் சேர முடியும். அங்கே அரசுப் பள்ளியில் அவள் அறிவியல் டீச்சர். கணவன் ஆல்பின் நாகப்பட்டினம் துறைமுகத்தில் படகு இன்ஜின் மெக்கானிக். கல்யாணமான இந்த இரண்டு வருடமும் வெள்ளிக்கிழமை இரவு வருவாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போவாள்.

ஞாயிறு என்றால் வாரம் முழுவதற்கும் சமைத்து வைக்கிற நாள். அவனுக்கு ஐந்து டப்பா, அவளுக்கு ஐந்து. திங்களுக்கு மீன்குழம்பு, செவ்வாய்க்கு வத்தக்குழம்பு என்று போய், வெள்ளிக்குப் புளிக்காய்ச்சல். ஆல்பின் ஒவ்வொன்றிலும் துண்டு டேப் ஒட்டி தி, செ, பு, வி, வெ என்று எழுதுவான். இன்ஜினைப் பிரிக்கும்போது போல்ட்டுகளுக்கும் அப்படித்தான் ஒட்டுவானாம்.

மீனை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். பின்வரிசையில் போன வார 'வெ' தொடப்படாமல் இருந்தது.

"இந்த வாரமும் இதச் சாப்பிடலியா?"

"மறந்துட்டேன்" என்றான், சட்டையைத் தேய்த்துக்கொண்டே.

மழைக்காலத்திலிருந்தே இப்படித்தான். ஒரு போல்ட்டைக்கூட மறக்காதவன் வாராவாரம் அதை மட்டும் மறந்தான். அவள் வரும் வெள்ளிக்கிழமையை.

பைக்குள், பாடக்குறிப்பு நோட்டில், ஒரு விண்ணப்பம் மடித்துக் கிடந்தது. மனமொத்த மாறுதல். கீழ்வேளூர்ப் பக்கத்துப் பள்ளியில் இருக்கும் தர்மாம்பாள் டீச்சருக்குச் சொந்த ஊர் பேராவூரணி. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் இடம் மாற்றிக்கொள்ளலாம். தர்மாம்பாள் போட்டுவிட்டார். நாளை பத்து மணிக்குள் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும்.

ஆல்பினிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் 'வா' என்பான். கேட்டு வாங்குகிற 'வா' அவளுக்கு வேண்டாம். அவனாக ஒரு தடவை, இங்கேயே வந்துவிடேன் என்று சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமையிலிருந்து அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவன் டேப்பைப் பற்றியும் கத்தரிக்கோலைப் பற்றியும்தான் பேசினான்.

புளி கொதிக்கும்போது போன் அடித்தது.

"என்ன அனிட்டா, போட்டாச்சா?" தர்மாம்பாள்.

"இல்ல டீச்சர்... போடணும்."

"ஒரு கையெழுத்துக்கு நல்ல நேரம் பாக்குறியா? எங்க வீட்டுக்காரர் அங்க தென்னைக்குத் தண்ணி விட்டுக்கிட்டே, எப்ப வருவே எப்ப வருவேன்னு உசுர வாங்குறாரு. ஒன் வீட்டுக்காரரும் அப்படித்தானே?"

"ம்" என்றாள் அனிட்டா.

"யாரு?" என்று கேட்டான் ஆல்பின்.

"ஸ்கூல்ல. பாடக்குறிப்பு முடிச்சாச்சான்னு."

சாப்பிட்டதும் பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்தாள். திங்கட்கிழமை, எட்டாம் வகுப்பு, காந்தவியல். பின்பக்க வாய்க்கால் வறண்டு கிடந்தது. மேட்டூர் திறந்து பத்து நாளாகியும் தண்ணீர் இந்தக் கடைமடைக்கு வந்து சேரவில்லை. எதிரே ஆல்பின் அவளுடைய ஐந்து சேலைகளை மடித்துப் பையில் அடுக்கினான். நன்றாகத்தான் அடுக்கினான். அவளை அனுப்பிவைப்பதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை என்று தோன்றியது.

மூன்றே முக்கால். டப்பாக்களை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

"ஒங்களுக்கு நாலு போதுமில்ல?" என்றாள். "வெள்ளிதான் மறந்துடுறீங்களே. வீணாப் போவுது. நான் எடுத்துட்டுப் போறேன்."

"ஏய், அத வை."

"எதுக்கு? திங்கிறதில்லையே."

"வைன்னா வை டீச்சர்."

அவள் டப்பாவைக் கையிலேயே வைத்திருந்தாள். ஆல்பின் மார்க்கரை மூடினான், திறந்தான்.

"கார்த்திகை மழையில ஒரு வாரம் பஸ் ஓடல. நீ வரல. ஞாபகமிருக்கா?"

"ம்."

"அந்த வெள்ளிக்கெழம ராத்திரி ஃபிரிட்ஜத் தொறந்தேன். அஞ்சு டப்பாவும் காலி. நீ வச்சதுன்னு வீட்டுல ஒண்ணுமே இல்ல." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "அதுலேருந்து வெள்ளியத் தொடறதில்ல. நீ வந்து எறங்குற வரைக்கும் அது உள்ள இருக்கணும்."

"அப்ப வெள்ளிக்கிழமை மத்தியானம்?"

"பரோட்டா."

"ஏழு மாசமாவா?"

"சால்னா நல்லாருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பஸ் ஏறுவியா? கஷ்டப்பட்டுப் பரீட்சை எழுதி வாங்குன வேல."

அனிட்டா டப்பாவை ஃபிரிட்ஜில் பழைய இடத்தில், பின்வரிசையில், வைத்தாள். கதவைச் சாத்தி, அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தர்மாம்பாள் டீச்சர் கையெழுத்துப் போட்ட ஃபாரம் என் பையில இருக்குங்க. நானும் அவங்களும் ஸ்கூல் மாத்திக்கிறதுக்கு. என் கையெழுத்து மட்டுந்தான் பாக்கி."